வளையல்காரி

"இது என் மீன் இல்ல."

காலில் இருந்த ஷூவைக்கூடக் கழற்றாமல், கூடத்து மீன் தொட்டி முன் நின்று ஃபிட்டர் சொன்னார். நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். மகளுக்கு வாங்கி வந்த கவுனை வாசலிலேயே எடுத்துக் கொடுத்திருந்தார். அவள் அதைப் போட்டுப் பார்க்க அறைக்குள் ஓடிவிட்டாள்.

அவர் விட்டுப் போன மீன் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். கருநீல உடம்பு, அதில் ஒன்றுக்குள் ஒன்றாக வெள்ளை வளையங்கள். அதனால் அவர் மனைவி அதற்கு வளையல்காரி என்று பெயர் வைத்தாள். "எனக்கு வாங்கித் தர்றேன்னு சொன்ன வளையலை மீனுக்குப் போட்டுட்டார்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ஃபிட்டருக்கு அதிலும் ஒரு பெருமை. ஒரு மீனுக்கு ஸ்கூட்டர் விலையா என்று யாராவது வாயைப் பிளந்தால், கடல் மீன் என்றால் சும்மாவா, விலைக்குத் தகுந்த சரக்கு என்பார். விலை தெரிந்துவிட்டால் மீனையே தெரிந்த மாதிரி என்பது அவர் எண்ணம்.

அந்த விலையும் பொய். இடது பக்கச் செவுள் மூடி ஓரத்தில் மடங்கியிருக்கிறது, பழுது மீன் என்று சொல்லிக் கடைக்காரர் பாதி விலைக்குத்தான் தள்ளிவிட்டார். இது அந்தக் கடைக்காரருக்கும் இவருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

இப்போது தொட்டியில் திரிந்துகொண்டிருந்தது வேறு மீன். உள்ளங்கை அகலம், உடம்பு முழுக்க மஞ்சள் கோடு, கண்ணை மறைத்துத் திருடன் முகமூடி மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. வளையம் என்று மருந்துக்குக்கூட ஒன்று இல்லை.

மைத்துனன் ஓரமாக நின்றான். இத்தனை நாளும் மீனைப் பார்த்துக்கொண்டவன் அவன்தான். வாரா வாரம் உப்புத் தண்ணீர் கலந்து கேனில் தூக்கிவந்து ஊற்றுவான், கண்ணாடி துடைப்பான், தீனி போடுவான். "நேர்ல வந்து பாருங்க அத்தான், அசந்துடுவீங்க" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். மேடையில் போன் பிடித்தால் கரகரவென்று குரல் வரும், படம் வராது. அசந்துபோகும் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றே இன்று லீவு போட்டுவிட்டு, முகமெல்லாம் பல்லாகக் காத்திருந்தான்.

அந்தச் சிரிப்பு இப்போது போன இடம் தெரியவில்லை.

"அதே மீன்தான் அத்தான். கொஞ்சம் கொஞ்சமா இப்படி ஆயிடுச்சு."

"என் நெத்தியில இளிச்சவாயன்னு எழுதி ஒட்டியிருக்கா?" என்றார் ஃபிட்டர்.

தினமும் பார்க்கிற எனக்குத் தெரியாதா, அதே மீன்தான் என்று மனைவி குறுக்கே வந்தாள். தம்பிக்கு வக்காலத்து வாங்காதே என்று அவள் வாயை அடைத்தார். வாசலில் நிற்கும் பைக் எங்கிருந்து வந்தது என்று மைத்துனனைக் கேட்டார். ஓவர்டைம் பார்த்து வாங்கின பழைய வண்டி என்றான். ஃபிட்டர் ஒரு சிரிப்புச் சிரித்தார். அத்தோடு விட்டாரா? மாமனாருக்கே போன் போட்டு, உங்க பையன் மீனையே மாற்றிவிட்டான், என் வீட்டிலேயே கை வைத்துவிட்டான் என்றார்.

மைத்துனன் சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துத் தொட்டி மேல் வைத்தான்.

"சாயங்காலம் மறக்காம தீனி போடுங்க அத்தான். கையில குடுத்தாதான் திங்கும்."

சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டான். மனைவி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போனால் போகட்டும், இந்தப் போலியைக் கடைக்கே கொண்டுபோய் உண்மையைக் கறந்துவிடலாம் என்று ஃபிட்டர் வலையை எடுத்தார். தண்ணீரில் கை பட்டதும் மீன் ஓடி ஒளியவில்லை. தீனி என்று நினைத்து நேராக அவர் விரலிடம் வந்தது. விரலில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் மெல்லத் திரும்பி இடது பக்கத்தைக் காட்டியது.

செவுள் மூடியின் ஓரம் மடங்கியிருந்தது.

வலை கை நழுவித் தண்ணீருக்குள் விழுந்தது. கண்ணாடியில் நெற்றி முட்டப் பார்த்தார். அதே இடம், அதே மடிப்பு. மைத்துனனுக்காகச் சாட்சி சொல்ல இந்த வீட்டில் அவர் ஒருவரால்தான் முடியும். சொன்னால் பாதி விலைக் கதையும் சந்திக்கு வரும். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நொடி தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஒரு மீன் எப்படி இன்னொரு மீன் ஆகும்? அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

அறைக் கதவு திறந்து மகள் வந்தாள். கவுனுக்குள் ஒரு கைதான் நுழைந்திருந்தது. இன்னொரு கை தோளிலேயே சிக்கிக்கொண்டு நின்றது, கவுனின் விளிம்பு முழங்காலுக்கு மேலே எங்கேயோ இருந்தது. துணிக்கடையில் நின்று, மனதுக்குள் இருந்த மகளுக்கு அளவு பார்த்து அவர் ஆசை ஆசையாக வாங்கிய கவுன்.

கூடத்தில் நடந்ததெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. கண் கலங்கியிருந்தது.

"எனக்குப் பத்தலப்பா. மாமா என்னையும் மாத்திட்டாரா?"