நிலைப்படி

பழைய வீட்டை மாற்றாமல் காப்பவர்களுக்கு வீட்டு வரியில் பாதி தள்ளுபடி. பார்வையிட வந்த அதிகாரி, மாசிலாமணி வீட்டின் ஓரடி உயரத் தேக்கு நிலைப்படியை மிதிக்காமல் பயபக்தியோடு தாண்டி உள்ளே வந்தார்.

மனைவி வேதவல்லி சக்கர நாற்காலிக்கு வந்த புதிதில், "இந்தப் படியை மட்டும் அறுத்துடுங்களேன், நானே வாசல் வரைக்கும் போய்ட்டு வந்துடுவேன்" என்று கேட்டிருந்தாள். "தள்ளுபடி போயிடும்மா, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார் மாசிலாமணி. அதன்பின் அவள் கேட்கவில்லை. வாசலையும் பார்க்கவில்லை.

"அடடா, எதையும் அசைக்காம அப்படியே வெச்சிருக்கீங்களே!" என்று அதிகாரி குறித்துக்கொண்டார்.

"என்னையும் சேத்து எழுதிக்கச் சொல்லுங்க" என்றாள் வேதவல்லி உள்ளிருந்து.

அதிகாரியை வழியனுப்பப் போன மாசிலாமணிக்கு, நிலைப்படியைத் தாண்டக் கால் எழவில்லை.