மேல்மாடி வாசல்

"மறுபடியும் துள்ளுது மேம். அதே மேல்மாடி ஹால் வாசல்தான்" என்றான் சிவபிரகாஷ்.

பேராசிரியை ஐரின் திரையைப் பார்த்தார். திண்டுக்கல் தாண்டி இருந்த அந்த என்ஜினியரிங் காலேஜில் கட்டடமே பாடம். தூணிலும் தரையிலும் சென்சார் பதித்திருந்தார்கள். காற்றடித்தாலும் ஆள் நடந்தாலும் திரையில் கோடு அசையும். சாயங்காலமானால் அந்த வாசலில் மட்டும் கோடு மூன்று தடவை துள்ளியது.

பிள்ளைகளோடு ஏறிப் போய்ப் பார்த்தால் வாட்ச்மேன் உடையப்பன். குஜிலியம்பாறைக்காரர், புதுசாகச் சேர்ந்தவர். கட்டடம் அசையும் என்றால் நம்புகிற ஆளில்லை. சேர்ந்த அன்றைக்கே, இந்தக் கோடு இங்கே மட்டும்தான் தெரியுமா என்று ஐரினிடம் கேட்டார். வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்களும் இன்டர்நெட்டில் தினமும் பார்ப்பார்கள் என்று ஐரின் சொன்னதற்கு, "பாத்தாச் சரி" என்று விறைப்பாகப் போய்விட்டார்.

"என்னங்கய்யா பண்றீங்க?"

"செருப்புல மண்ணு. தட்டுனேன்."

"இங்க வந்தா தட்டணும்?"

"ஏன், தாங்காதோ? அம்புட்டுச் சொத்தையாவா கட்டியிருக்கீக?"

பிள்ளைகள் சிரித்தார்கள். ஐரின் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் பரீட்சை. இந்தத் துள்ளலால் பிள்ளைகள் போட்ட கணக்கெல்லாம் கெட்டுப்போகிறது. இனித் தட்டினால் வேலை இருக்காது என்று கறாராகச் சொன்னார்.

உடையப்பனின் முகம் சுண்டிப்போனது.

"நாளைக்கு ஒருக்கா மட்டும் தட்டிக்கிறேன் தாயி."

"வேண்டாங்கய்யா."

மறுநாள் கோடு துள்ளவில்லை. உடையப்பன் கேட்டருகே உட்கார்ந்து மேல்மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருட்டுகிற நேரத்தில் ஐரினின் போனுக்கு மெசேஜ் வந்தது. ஜெர்மனியிலிருந்து பழைய மாணவி சுகன்யா. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு போனவள்.

'மேம், இன்னைக்கு மேல்மாடி வாசல்ல கோடு துள்ளலையே? எங்கப்பா காட்டுலருந்து வந்தா இப்படித்தான் மூணு தடவை செருப்பைத் தட்டிட்டு வீட்டுக்குள்ள வருவாரு. என்கூடப் பேச மாட்டேன்னுட்டாரு. யாரு தட்டுறாங்களோ தெரியல, அதைப் பாத்தாத்தான் எனக்குச் சோறு இறங்குது.'

ஐரின் கேட்டுக்கு ஓடினார்.

"ஐயா, உங்க செருப்புல மண்ணு இருக்கு. மேல வந்து தட்டிட்டுப் போங்க."