நாக்கு செத்த மேஸ்திரி

கோவிந்தசாமி மேஸ்திரிக்கு நாக்கு செத்துப்போச்சாம்.

ஆம்பூரில் அப்துல் வஹீத் சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பு முழுக்க அன்றைக்கு இதே பேச்சு. சிரிக்கிற விஷயமில்லை. தோல் ஊறுகிற ஆவாரம்பட்டைத் தண்ணீரை விரலால் தொட்டு, நாக்கில் வைத்து, துவர்ப்பு போதுமா போதாதா என்று சொல்வதுதான் மேஸ்திரியின் வேலை. துவர்ப்பு குறைந்தால் தோல் அழுகும். கூடினால் வெடிக்கும்.

இருபது வருஷமாக அந்தத் தொட்டிகளை ஆண்டது அவர் நாக்குதான். வேறு ஆள் விரல் வைத்தால் கையைத் தட்டிவிடுவார்.

போன வாரம் காய்ச்சலில் ஐந்து நாள் படுத்துவிட்டார். தொட்டியாட்கள் நாலு பேரும், "மேஸ்திரி வந்து சொல்லட்டும்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இருநூறு தோல் நாறிப்போனது.

ஆறாம் நாள் மேஸ்திரி வந்தார். அழுகின குவியலை வெகுநேரம் பார்த்தார். பிறகு முதல் தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தார்.

"வெறும் தண்ணி மாதிரி இருக்குதே!"

அடுத்த தொட்டியும் தண்ணிதான். அதற்கடுத்ததும் தண்ணிதான்.

"காய்ச்சல்ல நாக்கு போய்டுச்சு சாயபு" என்றார்.

சாயபு லேசில் நம்புகிற ஆளா? ஒரு கைப்பிடி வேப்பிலை பறித்துவரச் சொன்னார். "மெல்லு."

மேஸ்திரி வெற்றிலை மாதிரி மென்று விழுங்கினார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"யா அல்லா! அடுத்த மாசம் லண்டன் கப்பலுக்கு எண்ணூறு தோல் போவணும். யாரு பதம் பாக்கறது?"

"தானியேலு பாத்துக்குவான்" என்றார் மேஸ்திரி.

நாலு தொட்டியாட்களில் ஒருவனான தானியேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனுக்கும் மேஸ்திரி வயசுதான். ஆனால் வாயைத் திறந்து ஒரு யோசனை சொன்னதில்லை.

"நானா? எனக்கு இன்னா தெரியும் மேஸ்திரி?"

"இருபது வருஷமா இந்தத் தண்ணியிலதான நிக்கற? உனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?"

சாயபு குறுக்கே வந்தார். "இதுவும் கெட்டுச்சுன்னா?"

"நான் வேலைய வுட்டுட்டுப் போய்டறேன்."

தானியேல், "கர்த்தரே" என்று முணுமுணுத்தபடி விரலை நாக்கில் வைத்தான். கண்ணை மூடினான். "கம்மியா இருக்கற மாதிரி தெரியுது. பட்டை போடலாமா மேஸ்திரி?"

"என்னை ஏன் கேக்கற? எனக்கு எல்லாமே தண்ணி."

நாளுக்குப் பத்து தரம் தானியேல் கேட்டான். பத்து தரமும் இதே பதில்தான்.

ஒருநாள் மூன்றாம் தொட்டிக்குப் பட்டை போதும் என்று தானியேல் சொல்லிவிட்டான். மேஸ்திரி முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு அந்தத் தொட்டிப் பக்கமே நின்றார். மறுநாள் காலையில் தானியேலே ஓடிவந்து, "ஐயோ, இது பத்தாது! இன்னும் ரெண்டு கூடை கொட்டுங்கப்பா!" என்று கத்தினான்.

ஊர் வாய் சும்மா இருக்குமா?

"உழைக்கறது தானியேலு, குந்திக்கினு சம்பளம் வாங்கறது இவுரு" என்றார்கள்.

"நாக்கு போனாலும் மேஸ்திரிக்குத் தலப்பா மட்டும் போவல" என்றாள் பட்டை இடிக்கிற செண்பகம்.

மேஸ்திரியின் மனைவி அமிர்தவள்ளியே அக்கம்பக்கத்தில் சலித்துக்கொண்டாள். "நாக்கு செத்த மனுசனுக்கு ருசியா ஆக்கிப்போட்டு இன்னா ஆவப்போவுது?"

மாதம் முடிந்தது. சாயபு ஒரு தோலை எடுத்தார். மடக்கினார், முறுக்கினார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு வெடிப்பு இல்லை. பத்து தோல் பார்த்தார், இருபது பார்த்தார்.

"எல்லாம் ஒண்ணாம் நம்பர்! சபாஷ், தானியேல் மேஸ்திரி!"

அந்த ஷாப்பில் இன்னொருவர் பேரோடு 'மேஸ்திரி' ஒட்டிக்கொண்டது அன்றைக்குத்தான். தானியேல் வெட்கம் தாங்காமல் தொட்டிப் பக்கம் திரும்பி, மற்ற மூன்று பேரையும் அதட்டினான். "இன்னா வேடிக்கை? நீங்களும் ஆளுக்கு ஒரு தொட்டி நாக்குல வெச்சிப் பாருங்க. தப்பா சொன்னாலும் பரவால்ல, சொல்லுங்க."

கோவிந்தசாமி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு தலைப்பாகைத் துணியால் கண்ணைத் துடைத்தார். பாவம், பதவி போன துக்கம் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

அப்படித்தான் அமிர்தவள்ளியும் நினைத்தாள். சாயங்காலம் சோறு போடும்போது மெல்லக் கேட்டாள்.

"உங்க எடத்துல தானியேலை வெச்சிட்டாங்களே. உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

"வருத்தமா? ஒரு நாக்கு இருந்த எடத்துல இப்ப நாலு நாக்கு இருக்குது, அமிர்தம். இனிமே நான் பத்து நாள் படுத்தாலும் ஒரு தோல் கெடாது. அவனுங்க பதம் பாக்கற அழகை நீ பாக்கணுமே!" அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

"எல்லாம் சரிதான். உங்க நாக்கு போனது போனதுதான?"

மேஸ்திரி எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு வாய் சோற்றை மென்று விழுங்கினார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"வெளியில மூச்சு வுட்டுடாத. ஒரு மாசமா உன் கொழம்புல உப்பு கம்மி!"