இருக்கேன்

மூன்றாம் மாடியில் தனியாக இருந்தவர் செத்துக் கிடந்தது நாற்றமெடுத்த பிறகுதான் தெரிந்தது. விஷயம் வழக்காகி, தனியாக வாழும் முதியவர்களைக் கவனிப்பது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு என்று கோர்ட் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து காவலாளி மரியதாஸ் தினமும் காலையில் குமுதவல்லி வீட்டு மணியை அடிக்கிறார். உள்ளிருந்து "இருக்கேன்" என்று குரல் வந்தால் போதும், போய்விடுவார். ஒருநாள் டீ போட்டு வைத்துக்கொண்டு அவள் கதவைத் திறந்தாள். அதற்குள் அவர் படியிறங்கியிருந்தார்.

இன்று மணி அடித்தபோது அவள் கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். பேசவில்லை. மறுபடி அடித்தது.

"அம்மா... சத்தம் குடுங்கம்மா! குமுதவல்லியம்மா!"

அவள் பெயரை ஒருவர் சொல்லிக் கேட்டு எத்தனை வருஷம்! எதிர்வீட்டுக் கதவு திறந்தது. படிகளில் செருப்புச் சத்தங்கள் ஓடி வந்தன. இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடட்டும் என்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.