உறை

ஒரு துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்?

அவள், "மழைல நனைஞ்சாச் சுடுமாங்க?" என்று கேட்டாள்.

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். கோயமுத்தூரில் நாற்பது வருடமாகத் துப்பாக்கி விற்கிறார். யாரும் இதைக் கேட்டதில்லை.

"ஒரு மழைக்கு ஒண்ணும் ஆகாதுங்க அம்மிணி."

"அவசரத்துக்குச் சிக்கிக்குமா?"

"ரிவால்வர் சிக்காது. ஒண்ணு வெடிக்கலைன்னா மறுபடி இழுங்க. அடுத்தது வந்து நிக்கும்."

அவள் தலையாட்டினாள். அவள் புருஷன் விழுந்த அன்று மழை. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் இருநூறு அடி. மணல் லாரிகளைப் பற்றி எழுதிய மனுவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குக் கிளம்பினான். டீக்கடை தாண்டவில்லை.

வெட்டச் சொல்லிக் கை காட்டியவனை அவள் வாசலில் நின்று பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லையாம்.

நாளைக்குக் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும்.

கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது புதுசு. விலையைக் கேட்டதும் அவள் கையை எடுத்துக்கொண்டாள். லைசென்ஸ் வாங்க ஒன்றேகால் வருடம் அலைந்தாள். எருமை இரண்டையும் விற்ற பணம்தான் பையில் இருந்தது.

இரண்டாவது வெளிநாட்டுச் சாமான். அதன் விலையை அவரே சொல்லவில்லை.

மூன்றாவதன் பிடியில் லேசாகக் கீறல்.

"இது ஒரு டாக்டரோடது. அவரு போயிட்டாரு. பசங்க கொண்டாந்து குடுத்துட்டாங்க. முப்பது வருசம் பீரோவுல கெடந்துச்சு. ஒருக்காக்கூடச் சுட்டதில்லை."

"சுடாதது சுடுமாங்க?"

அவர் சிரித்துவிட்டார். "மாப்பிள்ளை பாக்கற மாதிரி கேக்கறீங்களே அம்மிணி! வேலை செய்யும். நானே சோதிச்சு வெச்சிருக்கேன். ஒண்ணு சொல்லட்டுமா? அந்த முப்பது வருசமும் டாக்டர் வீட்டுல திருடனே நுழையலை."

அவள் அதையே எடுத்தாள்.

பழைய தோல் உறை ஒன்றை அவர் இனாமாகக் கொடுத்தார். டாக்டருடையதுதான். வாங்கிக்கொண்டு கும்பிட்டாள்.

பஸ்ஸில் பையை மடியில் வைத்திருந்தாள். கனம் தொடையில் உறைத்தது. ஒன்றரை வருடத்தில் முதல்முறையாகப் பஸ்ஸில் தூங்கினாள்.

ஊரில் இறங்கியதும் நேராக ஸ்டேஷன். துப்பாக்கி நம்பரைப் பதிய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

ஸ்டேஷன் டிவியில் யாரோ தேதிகளைப் படித்துக்கொண்டிருந்தார். ரைட்டர் அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இன்னிக்கேவா வாங்கினீங்க?"

"ஏனுங்க?"

"எலெக்சன் தேதி சொல்லிட்டாங்க அம்மிணி. இப்பத்தான், மூணு மணிக்கு. ஊர்ல இருக்கற துப்பாக்கியெல்லாம் இங்க வந்து சேரணும். முடிஞ்சப்பறம் தருவோம்."

அவள் பையை விடவில்லை.

"நாளைக்குச் சாட்சிங்க."

"தெரியும்ங்க. சட்டம்."

"எல்லாத்தோடதும் வாங்குவீங்களா?"

"லைசென்ஸ் உள்ள எல்லாத்தோடதும்."

"அருவாளுக்கு லைசென்ஸ் இல்லீங்களே."

ரைட்டர் பேனா மூடியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

நம்பரைப் பார்த்து எழுதினார். தோட்டாக்களை மேசையில் வரிசையாக நிறுத்தினார். ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.

உறையை மட்டும் அவள் பக்கம் தள்ளினார்.

"இதுக்கு ரசீதுல எடமில்லை. நீங்களே வெச்சுக்கங்க."

டிவியைப் பார்த்தபடியே சொன்னார்.

"இங்க வந்து சேர்ற துப்பாக்கியப் பத்தி நான் யாருகிட்டயும் எதுவும் பேசறதில்லைங்க அம்மிணி."

டீக்கடைக்கு எதிர்ச்சுவரில் புதுச் சுண்ணாம்பு. இந்தச் சுவர் நாச்சிமுத்துவுக்கு என்று ஆறு மாதம் முன்பே எழுதிவிட்டார்கள். லாரிகள் அவனுடையவை. அன்று கை காட்டியவனும் அவன்தான். இனிமேல் வேட்பாளர்.

பெஞ்சில் அவன் ஆட்கள் நான்கு பேர். லைசென்சுக்காகப் போலீஸ் ஊருக்குள் விசாரித்த நாளிலிருந்து அவர்களுக்கு விஷயம் தெரியும். காலையில் அவள் பஸ் ஏறும்போதே ஒருவன் கேட்டிருந்தான்.

"ஏனுங்கக்கா, தீவாளிக்கு இன்னும் நாள் கெடக்குதே! துப்பாக்கியோட கேப்பும் ரெண்டு டப்பா வாங்கியாங்க!"

அப்போது மற்றவர்கள் சிரித்தார்கள்.

இப்போது அவள் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடந்தாள். உறையின் வார் மட்டும் வெளியே தொங்கியது. உள்ளே தள்ளிவிடத்தான் கை போனது.

தள்ளவில்லை.

மறுநாள் காலை எட்டே காலுக்கு அவள் வீட்டைப் பூட்டினாள். வலது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு இருநூறு அடி நடந்தாள். கையில் உறை இருந்தது. உறைக்குள் ரசீது இருந்தது. பெஞ்சிலிருந்த ஒருவன் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டான். பஸ் வந்தது. பதினொன்றரைக்குக் கூண்டில் ஏறித் தன் பெயரைச் சொன்னாள். பிறகு கை காட்டியவன் பெயரைச் சொன்னாள்.