கால்நடை ஏறிய வண்டி

முதல் குழியை முடித்துவிட்டு இரண்டாவதை நோக்கி நாலு அடி வைத்ததுமே, கால்நடை போய்ப் பேட்டரி வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கோல்ஃப் மைதானத்தை வடிவமைத்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கால்நடை என்பது இவரே வைத்த பட்டப்பெயர். எந்த மைதானத்துக்கு மார்க் போடப் போனாலும், வண்டியைத் தொடாமல் கடைசிக் குழி வரை நடந்தே பார்க்கிற ஒரே நடுவர் அவர்தான். ஒரு காலத்தில் இருவரும் ஒரே ஆபீஸில், ஒரே மேஜையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள்.

"என்னடா, கால் வலியா?"

"இல்லையே."

"அப்ப இறங்கு. இது நடக்கறதுக்குன்னே போட்ட மைதானம்டா."

"அது தெரியுது" என்று சொல்லிவிட்டுக் கால்நடை வண்டியைக் கிளப்பினார்.

மைதானத்து முதலாளி மரியாதைக்காக நிறுத்தி வைத்திருந்த வண்டி அது. மரங்களுக்குப் பின்னால் போகிற மண் பாதையில் அது உருள, இவர் பக்கத்திலேயே ஓட்டமும் நடையுமாகப் போனார். கோபம் பொத்துக்கொண்டு வந்தாலும் காட்டிக்கொள்ள முடியவில்லை. இன்றைக்குக் கால்நடையை விட்டால் இவருக்கு வேறு கதியில்லை.

முதலாளிக்கு மேடுகளைக் கண்டாலே ஆகாது. வருகிறவர்கள் வண்டியில் போகத்தான் ஆசைப்படுவார்கள், எல்லாவற்றையும் வெட்டிச் சமமாக்கித் தார் ரோடு போடு என்று ஒரே பிடியாக நின்றார். நடந்து பார்க்கிற நடுவர் ஒருவரைக் கூப்பிடுங்கள், அவர் நல்ல மார்க் போடாவிட்டால் உங்கள் இஷ்டப்படி வெட்டிக்கொள்ளுங்கள் என்று இவர்தான் வீறாப்பாகச் சொல்லியிருந்தார். நாளைக் காலையில் புல்டோசர் வருமா வராதா என்பது இப்போது கால்நடையின் கையில் இருந்தது.

"பல வருஷமா என் தலைக்குள்ள ஊறிக் கிடந்த மைதானம்டா இது. பேப்பர்ல கை வச்சதும் தானா வந்துச்சு."

"தானா வந்துச்சா?"

"சத்தியமா. கொஞ்சம் இறங்கி வா. அதோ அந்த மூணு மேட்டையும் ஏறிப் பார்த்தாத்தான்..."

"மூணாவது மேட்டுல கால் வைக்கிற வரைக்கும் குளம் கண்ணுல படாது. அதானே?"

இவர் குளத்தைப் பற்றி மூச்சே விட்டிருக்கவில்லை. கால்நடை இந்தப் பக்கம் வருவதும் இதுதான் முதல் தடவை. அப்படியென்றால் முதலாளி முன்கூட்டியே எல்லாவற்றையும் ஓதி வைத்திருக்கிறார், ஆளை வளைத்துப் போட்டாயிற்று.

"மைதானத்தைக் காலாலதான் படிக்கணும்னு போற இடமெல்லாம் பேசினவன் நீ. முதலாளி வண்டி சீட்டு ரொம்ப மெத்துன்னு இருக்கோ?"

குளக்கரை வந்ததும் கால்நடை வண்டியை நிறுத்தினார். இறங்கப் போகிறார் என்று இவர் ஆசையோடு பார்த்தார். அவரோ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தண்ணீரையே வெறித்துக்கொண்டிருந்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் கிளம்பிவிட்டார்.

அதற்கப்புறம் எல்லாம் கண்துடைப்புதான். ஒரு குழியிலிருந்து அடுத்ததுக்கு நடந்தால் பேச்சு வாக்கிலேயே போய்விடலாம். வண்டி அதற்கெல்லாம் எங்கெங்கோ சுற்றிக்கொண்டு போயிற்று. பின்னால் மூச்சிரைக்க நடந்த இவர், நண்பன் என்று நம்பிய தன் புத்தியைத்தான் திட்டிக்கொண்டார்.

கிளப் அறையில் கால்நடை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மார்க் போடும் தாளை எடுத்தார், பேனாவைத் திறந்தார், மூடினார். தாளை அப்படியே இவர் பக்கம் தள்ளிவிட்டார்.

"என்னடா இது? ஒண்ணுமே போடல?"

"போடப் போறதில்ல."

"நீ போடலைன்னா நாளைக்கு புல்டோசர் வந்து நிக்கும். தெரியுமில்ல?"

"தெரியும்."

இவருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "கூட இருந்தே குழி பறிச்சிட்டியேடா. உன்னைக் கூப்பிடச் சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும். பச்சைத் துரோகம்டா இது."

"குழியைப் பத்தி நீ பேசாதே." கால்நடை பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். "ஆபீஸ் விட்டா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரெண்டு பேரும் நடந்தே போவோமே, ஞாபகம் இருக்கா?"

"அதுக்கென்ன இப்ப?"

"வழியெல்லாம் யாரு பேசுவா?"

"நீதான். ஓயாம கையை ஆட்டி ஆட்டிப் பேசுவே. நான் பாட்டுக்கு உம் கொட்டிக்கிட்டே வருவேன்."

"என்ன பேசினேன்னு யோசிச்சுப் பாரு."

இவர் யோசித்தார். ஜன்னலுக்கு வெளியே மூன்று மேடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிப் போயின. அன்றைக்கு அந்தக் கை காற்றில் ஏறிப் போனதும் இப்படியேதான்.

"முதல் குழியிலயே புரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் நடந்திருந்தா, உன் முன்னாடியே அழுதிருப்பேன்" என்றார் கால்நடை.

"மார்க்காவது போடேன்டா." இவர் தாளை மறுபடியும் அவர் பக்கம் நகர்த்தினார்.

கால்நடை எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் மைதானத்துக்கு நானே எப்படிடா மார்க் போட்டுக்கறது?"