ரெண்டாம் பாகம் சரியில்ல

“விஜயா, ஒம் பொண்ணும் அந்த றோய் வீட்டுலதான் இருக்கா. எனக்கு என்னமோ சரியாப் படல” என்றாள் அடுத்த வீட்டுத் தனலெட்சுமி.

விஜயலெட்சுமி தேயிலை மலையிலிருந்து வந்து கொழுந்துக் கூடையைக்கூட இறக்கவில்லை.

றோய்க்கு முப்பது வயது. பதுளை டவுனில் போன் கடை வேலை. பாறை மேட்டில் தனி வீடு. பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. ஒரு மாதமாகக் கீழே லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கேம் விளையாடக் கூப்பிடுகிறான். அதுவும் மழை பிடித்தால்தான் கூப்பிடுகிறான்.

“இப்ப புதுசா ஏதோ ரெஸ்லிங் கேமாம், ரெண்டாவது பார்ட்டாம். ஊரான் புள்ளைங்களுக்கு இவன் எதுக்கு வாங்கிப் போடணும்? சோழியன் குடுமி சும்மா ஆடுமா?”

கூடையைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு விஜயலெட்சுமி ஓடினாள். நாலு மணிக்கே வானம் இருட்டி மழை பெய்துகொண்டிருந்தது. பேப்பரில் படித்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து தொலைத்தது. மேட்டில் இரண்டு தடவை வழுக்கி விழுந்தாள். பெற்றவளுக்கு அதெல்லாம் உறைக்குமா?

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒன்பது பிள்ளைகள். டிவியில் இரண்டு தடியன்கள். ஒருவன் குத்தினான். குத்து படாமலே மற்றவன் விழுந்தான். விழுந்தவன் இடுப்புவரை மேடைக்குள் புதைந்து அப்படியே நின்றுவிட்டான்.

“சீ! மொத பார்ட்தான் மாமா சூப்பர். இது சரியான போரு. நாங்க வீட்டுக்குப் போறோம்” என்று எழுந்தாள் அவள் மகள் சுபாஜினி. மற்றதுகளும் எழுந்தன.

றோய் பாய்ந்து போய்க் கதவுக்குக் குறுக்கே நின்றான். முகம் வெளிறியிருந்தது.

“போகாதீங்க. இன்னும் ஒரே ஒரு மேட்ச். பிஸ்கட் தாரேன்.”

சொல்லிக்கொண்டே தாழ்ப்பாளைப் போட்டான்.

விஜயலெட்சுமி ஓடிப்போய்க் கதவை ஓங்கித் தட்டினாள்.

“தொறடா கதவ!”

திறந்தவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். “எம் புள்ளய எதுக்குடா பூட்டி வச்சிருக்க?”

அவன் கையைத் தட்டிவிடவில்லை. அவளை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, பிள்ளைகளுக்குக் கேட்காமல், “இதப் பாருங்கக்கா” என்று போனை நீட்டினான்.

லயத்துக்கு நேர் மேலே, தேயிலைக்கு நடுவே, மண் நீளமாக வெடித்திருந்தது.

“காலைல இந்த வெடிப்புக்குள்ள வெரல்தான் போச்சு. இப்ப முழங்கை வரைக்கும் போகுது. கிராம சேவகருக்குப் போன் அடிச்சேன். ரோட்டுல மரம் விழுந்து கெடக்காம், நடந்து வாராரு. மண்ணு சரியப்போகுதுன்னு நான் ஒரு மாசமாச் சொல்றேன். ‘இந்த லயம் நூறு மழ பாத்துருச்சு, பொழப்பப் பாரு’ன்னு நீங்கதானே சிரிச்சீங்க?”

ஆமாம். அவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

“பெரியாளுங்க வரமாட்டீங்க. புள்ளைங்களயாச்சும் மழ விடுற வரைக்கும் இந்தப் பாறையில இழுத்து வைப்போம்னு பாத்தேன். பழைய கேம் சலிச்சுப் போச்சுன்னாங்க, இத வாங்கினேன். இந்தப் பாழாப்போனது கால வாரிருச்சுக்கா.”

விஜயலெட்சுமியின் கை தானாக நழுவியது. கீழே பார்த்தாள். பன்னிரண்டு வீட்டுக் கூரையிலும் அடுப்புப் புகை. வெடிப்பு என்று போய்ச் சொன்னால் எவர் அசைவார்? அவளே அசையாதவள்தானே! ஆனால் லயத்துச் சனம் எதற்கு எழுந்து ஓடிவரும் என்று அவளுக்குத் தெரியாதா?

“தம்பி, என்ன மன்னிச்சுரு” என்று சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்தாள்.

“தனம்! நீ சொன்னது சரிதான்டி! இந்த றோய் புள்ளைங்கள உள்ள வச்சுப் பூட்டிட்டான்! ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் ஓடியாங்க!”

றோய்க்குப் புரிந்துவிட்டது. உள்ளே பிள்ளைகளிடம் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டான்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு மாதமாக அசையாத அத்தனை சனமும் லயத்தைக் காலி செய்துகொண்டு, கம்பும் கவாத்துக் கத்தியுமாகப் பாறை மேட்டில் ஏறி வந்தது, றோயை வெட்டிப்போட.